இலவசங்களை நிறுத்தக் கோரும் மனு

"ஒனக்கெல்லாம் மனு அடிக்கத் தெரியுமா புள்ள?" என்று கேட்டார் எங்கள் ஊர்ப் பண்ணைக்காரர். தாலுகா ஆபீஸ் எதிரே உள்ள கம்ப்யூட்டர் கடையில் எனக்கு வேலை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான், பட்டமும் வாங்கியவள்.

"தெரியும்ங்கய்யா, சொல்லுங்க."

"காலனிக்கு வர்ற இலவச வீட்ட நிறுத்தணும். சும்மா குடுத்தே அந்தச் சனத்தச் சோம்பேறியாக்கிட்டாங்க. ஒன்னயச் சொல்லல, நீ படிச்ச புள்ள."

வீட்டுப் பட்டியலில் என் அம்மாவின் பெயரும் இருந்தது. மழை பெய்தால் எங்கள் வீட்டில் சட்டி வைக்காத இடமில்லை.

"பொதுவா எழுதுனாத்தான் எடுபடும்ங்கய்யா."

"எழுது, எழுது."

அடித்ததை வாசித்துக் காட்டுவது எங்கள் கடை வழக்கம். "இலவச வீடு, பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் ஆகிய அனைத்தையும் நிறுத்துமாறு..."

"ஏய், கரண்டு விவசாயியோட உரிமை!"

"அப்ப வீடுங்கய்யா?"

"அது வேற."

கையெழுத்துப் போடாமலே துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். அடித்ததை வீணாக்குவானேன்? 'நிறுத்துமாறு' என்பதை மட்டும் 'தடையின்றி வழங்குமாறு' என்று மாற்றினேன். பம்புசெட்டை நீக்கவில்லை, அந்தத் தாராளம் எங்கள் தெருவுக்கு உண்டு. காலனி முழுக்கக் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் வாங்கிவிட்டேன்.