எந்தக் கோமகடாகே?

போர் முடிந்த வருடம் என் கணவரின் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பயிற்சிக்காக யப்பான் போனார். பல வருடமாகக் காணாத தம்பியைப் பார்க்க இவரும் ரொறன்ரோவிலிருந்து பறந்தார். கோமகடாகே என்ற மலையுச்சியில் சந்திப்பதாகத் திட்டம். நான் டோர்செட் பார்க் வீட்டில் புட்டு அவித்துக்கொண்டிருக்க, இருவரும் மாறி மாறி போன் எடுத்தார்கள்.

“கேபிள் காரில உச்சிக்கு வந்திட்டன். அவனைக் காணேல்லை,” என்றார் கணவர்.

“அண்ணி, நானும் உச்சியிலதான் நிக்கிறன்,” என்றார் தம்பி.

இருவரையும் கையை ஆட்டச் சொன்னேன்.

“ஆட்டுறன். ஆரோ ஒரு யப்பான் மனுசிதான் திருப்பி ஆட்டுறா,” என்றார் கணவர்.

அந்த மனுசியிடமே விசாரித்தபோதுதான் யப்பானில் பல மலைகளுக்கு அந்தப் பெயர் என்று தெரிந்தது. மறுநாள் ரயில் நிலையத்தில் இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்களாம். பிழையான மலையில் ஏறியது யார் என்று அங்கேயே சண்டையும் பிடித்தார்களாம்.