தையலுக்கு விட்ட ஓரடி

அக்கா தைத்த சட்டையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இன்னொரு சட்டைக்குத் துணி இருக்கும் என்று கடைத்தெருவில் கிண்டல் செய்வார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனால் முழுப் பொய் இல்லை. மற்ற தையல்காரர்கள் தையலுக்கென்று உள்ளே கால் அங்குலம் விட்டால் இவள் கண்ணை மூடிக்கொண்டு அரை அங்குலம் விடுவாள். "மனுஷ உடம்பு நேத்து இருந்த மாதிரியா நாளைக்கு இருக்கும்? பிரிச்சு விடணும்னா அப்ப துணிக்கு எங்க போறது?" என்பாள். கல்யாணத்துக்குத் தைத்த உடுப்பை, இரண்டு பிள்ளை பெற்ற பிறகு கொண்டுவந்து பிரித்துவிடச் சொல்லி, அது ஏறியதும் கண்ணாடி முன்னால் நின்று அழுதே விட்ட பெண்கள் உண்டு. சின்னவர் பெரியவர் பாகுபாடில்லாமல் தெருவுக்கே அவள் அக்காதான்.

அவள் வீட்டுக்காரர் லாரி டிரைவர். 'டிரைவராக இருந்தார்' என்று சொல்ல அவளுக்கு இன்னும் வாய் வராது. சரக்கு இறக்கும்போது கட்டு அறுந்து மேலே சரிந்ததில் அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போயிற்று. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில், உயிரோடு கொடுத்தால் போதும் என்று வேண்டிக்கொண்டாள். கேட்டது கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு மேற்கொண்டு எதையாவது கேட்க அவளுக்கே கூச்சமாக இருந்தது.

குடியிருப்பு பரவாயில்லை, லிஃப்ட் உண்டு. குளியலறைதான் வில்லன். சக்கர நாற்காலி உள்ளே நுழையும், திரும்பாது. போனது போனபடியே பின்னால் வரவேண்டும். "டெய்லரம்மா, வழில நிக்காத! வண்டி பின்னாடி வருது!" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். இவள் தையல் மிஷினை விட்டு எழுந்து ஓடிவந்து, லாரி கிளீனர் மாதிரி கையை ஆட்டி, "வரலாம் வரலாம்... லெஃப்ட்ல ஒடிங்க... போதும் போதும்!" என்பாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் குளியலறை நிலையின் இரண்டு பக்கமும் வர்ணம் உரிந்து மரம் தெரிகிறதே, ஒவ்வொரு தடவை உரசும்போதும் அவர் முகம் போகிற போக்கை அவள் ஒருத்திதான் பார்த்திருக்கிறாள்.

கால் நன்றாக இருந்த காலத்தில் அவர் ஓர் இடம் வாங்கிப் போட்டிருந்தார். மலைப்பாதையில் என்ஜின் சூடேறி வண்டியை நிறுத்திய ஒரு மத்தியானம், இறங்கி ஓடையில் முகம் கழுவியவர், நிமிர்ந்து பார்த்ததும் மயங்கிவிட்டார். மேலே பாறை, கீழே சரிவு, நடுவே பாய் விரித்த மாதிரி நீளமாக ஒரு சமதளம். "வேலைய விட்டதும் இங்க ஒரு சின்ன வீடு வெச்சுக்கணும்" என்று வந்து சொன்னபோது அவள் கத்தரிக்கோலோடு திரும்பிப் பார்த்தாள். "கல்லும் பலகையும் வெச்சுக் கட்டுற வீட்டைச் சொன்னேன்டி" என்று அவசரமாகத் திருத்திக்கொண்டார். மகள் பிள்ளைகளோடு விடுமுறைக்கு வருவாள், கூடத்தில் வரிசையாகப் படுக்கலாம் என்றெல்லாம் அப்போது பேச்சு.

இப்போது அந்தப் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். "என்னை மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போயி அங்க வெக்கணுமா? வித்துடு." கேட்டு ஓர் ஆளும் வந்துவிட்டான். தையல்காரி அழவில்லை, வாதாடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஒரு தடவை வந்து பாருங்க. உங்களுக்கு ஒட்டலைன்னா அன்னிக்கே அந்த ஆளுக்குச் சொல்லிடுவோம். அப்புறம் வாயைத் திறக்க மாட்டேன்." அவள் வாயைத் திறக்காமல் இருப்பாள் என்பதை அவர் நம்பவில்லை. ஆனாலும் சரி என்றார்.

அந்த ஒரு தடவைக்காக அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைச் சாத்திவிட்டு, கார் வைத்திருக்கும் தம்பியைக் கிளப்பிக்கொண்டு போவாள். இருவருமாகப் புதரை வெட்டி, வேர் பிடுங்கி, கல் பொறுக்கினார்கள். மழை கொட்டிய ஒரு நாள் குடையோடு நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதற்கு ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். கார் நிற்கும் இடத்திலிருந்து சமதளம் வரை மண்ணைக் கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினார்கள். "மாமா இதுல நாற்காலிய ஓட்டுவாரா, லாரியவே ஓட்டுவாரா?" என்று தம்பி இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "இடிடா" என்றாள். முணுமுணுத்துக்கொண்டே இடித்தான். அப்படி ஒரு தம்பி வாய்த்ததற்கு அவள் உள்ளுக்குள் கும்பிடாத நாளில்லை, அவனிடம் மட்டும் சொன்னதில்லை.

வரைபடம் போட அவளுக்கு யார் தேவை? ஊரையே அளந்தவள். அவர் தூங்கும்போது நாற்காலியை அளவு நாடாவால் அளந்துகொண்டாள். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்து, சட்டைக்கு மாதிரி வெட்டும் காக்கித்தாளில் வீட்டை வெட்டினாள். கூடம் முதுகுத் துண்டு மாதிரி பெரிசாக, சமையலறையும் படுக்கையறையும் அதைவிடச் சின்னதாக, குளியலறை சட்டைப்பை அளவுக்கு. வெட்டும் மேசையில் நான்கையும் விளிம்பின்மேல் விளிம்பு ஏற்றிக் குண்டூசி குத்திப் பார்த்தாள். கச்சிதம். சமதளத்தில் சொல்லிவைத்தாற்போல உட்காரும்.

போகும் நாளும் வந்தது. கொத்தனார் முன்னாடியே வந்து காத்திருந்தார். அவள் காகிதக் கட்டை அவர் கையில் கொடுத்துக் கணக்கைச் சொன்னாள். காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார் டிரைவர்.

"இறங்குறீங்களா?"

"இங்கருந்தே தெரியுது."

"என்ன தெரியுது?"

"பாறை தெரியுது."

அவள் திரும்பி வந்து வேலையை ஆரம்பிக்கச் சொன்னாள். கொத்தனார் குண்டூசிகளை உருவிவிட்டு ஒவ்வொரு துண்டாக அளந்து, முளை அடித்து, நூல் கட்டி, சுண்ணாம்புக் கோடு இழுத்துக்கொண்டே போனார். முக்கால்வாசி முடிந்ததும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அக்கா, இடம் பத்தலையே. உங்க குளியலறை பாறைக்குள்ள போகுது."

இத்தனை நாள் அளந்தது, இடித்தது எல்லாம் இந்த ஒரு நாளைக்கு. காரில் இருப்பவருக்கு 'வித்துடு' என்று சொல்ல இதைவிட வேறென்ன சாக்கு வேண்டும்? ஓடிப்போய் அளந்தாள். ஒவ்வொரு அறையும் நீளத்திலும் அகலத்திலும் ஓரடி கூடியிருந்தது. மறுபடி அளந்தாள். பிறகு கீழே கிடந்த காகிதத்தை எடுத்து ஓரத்தைப் பார்த்தாள். பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சுற்றிலும் அரை அங்குலம், இரண்டு பக்கமும் சேர்ந்து ஓர் அங்குலம். தையலுக்கு விட்டிருக்கிறாள். கை பழக்கத்தில், தனக்கே தெரியாமல், சுவருக்கு.

தம்பிக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் சுருண்டு சுருண்டு சிரித்தான். "வீட்டுக்குத் தையல் விட்ட ஒரே ஆளு உலகத்துல நீதான்க்கா! காஜா எடுத்துப் பொத்தானும் வெச்சுடு!" கொத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார்.

"என்ன மாப்ள சிரிப்பு?" என்று காரிலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல மாமா!"

"ஒண்ணுமில்லாததுக்கா இந்தச் சிரிப்பு? நாற்காலிய எடுடா!"

அவருக்கு எதை வேண்டுமானாலும் தாங்க முடியும், மற்றவர் சிரிக்கும்போது காரணம் தெரியாமல் இருப்பதைத் தவிர. தம்பி நாற்காலியை இறக்கிவைத்தான். இறுகிய மண்ணில் யாரும் தள்ளாமலேயே உருட்டிக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டார். மனைவியைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை.

"ஒரு நிமிஷ வேலைதான் அண்ணே, கோட்டை அழிச்சுட்டு ஓரடி குறைச்சுப் போட்டுடறேன்" என்றார் கொத்தனார்.

"இருய்யா. அதுக்கு முன்னாடி இவ கட்டுன அரண்மனைய ஒரு சுத்து பாத்துடறேன்."

கிண்டலாகத்தான் உள்ளே போனார். சுண்ணாம்பு வாசல், கூடம், படுக்கையறை. பாறையை ஒட்டிய குளியலறைக் கட்டத்துக்குள் நுழைந்தார். அவள் எழுந்து, புடவையில் மண்ணைத் தட்டிக்கொண்டே பின்னால் வந்து அந்த வாசல்கோட்டருகே நின்றாள். எத்தனை வருஷப் பழக்கம், கை தானாக உயர்ந்தது. "வரலாம் வரலா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். சக்கரங்கள் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகச் சுழன்றன. நாற்காலி நின்ற இடத்திலேயே அரை வட்டம் போட்டது. அவர் முகம் அவளைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

நாற்காலி நிற்கும்போது என்ன அகலம் என்றுதான் அளந்தோம், திரும்ப எவ்வளவு வேண்டும் என்று அளக்கவே இல்லையே என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கணக்கில் விட்டதைக் கை பார்த்துக்கொண்டது. அந்தக் கைக்கு நன்றி சொல்வதா, தொழில் சொல்லிக்கொடுத்தவர்களுக்குச் சொல்வதா, யாருக்கென்று தெரியாமல் எல்லோருக்கும் சேர்த்து மனசுக்குள் சொன்னாள்.

"கொத்தனாரே, அளவுல கைவெக்காதே" என்றார் டிரைவர்.

"அப்ப பாறை அண்ணே?"

"பாறை நகராது, வீடு திரும்பும்ல? இவ ரோட்டைப் பாத்து வாசல் வெச்சிருக்கா, அதான் இடிக்குது. இடம் நீளமாக் கிடக்கு, வீட்டையும் நீளவாக்குல திருப்பு. பெரிய வண்டிய சந்துல இப்படியா நிறுத்துவாங்க? மாப்ள, அந்த முளையப் பிடுங்கு. இன்னும் வலது... இன்னும்... போதும், போதும்!"

மத்தியானம் முழுக்க அவர் கத்த, அவர்கள் ஓட, வீடு திரும்பியது. வாசல் இப்போது ஓடையைப் பார்த்திருந்தது. தம்பி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஆளுக்கு என்ன மாமா சொல்றது?" என்று கேட்டான்.

"இடத்துல ஆள் இருக்குன்னு சொல்லு."

அவள் காகிதத் துண்டுகளைப் பொறுக்கி, ஓரம் வெட்டாமல், அப்படியே மறுபடி குண்டூசி குத்தினாள். கண்ணை நீர் மறைத்ததால் ஓர் ஊசி விரலில் ஏறியது. மேற்கொண்டு கேட்கக் கூசி நின்றவளுக்கு, கேட்காமலே கிடைத்திருக்கிறது. விரலை வாயில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது நாற்காலி கண்ணில் படவில்லை. புதிய கோடுகளுக்குள், குளியலறைப் பக்கம் அவர் மறுபடி போயிருந்தார். அங்கிருந்து சத்தம் வந்தது.

"டெய்லரம்மா, வழில நிக்காத! வண்டி முன்னாடி வருது!"