அப்பா நடந்த வழி

என் பேத்தி நூலகத்தில் பெரிய உலகப்படப் புத்தகத்தை விரித்ததும் பழங்காகித வாடை எழுந்தது. பெரியகுளத்து வாசகசாலை நினைவுக்கு வந்துவிட்டது.

ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ரங்கூனிலிருந்து தப்பி வந்தவர் அப்பா. எவ்வளவு தூரம் என்று அம்மா கேட்டால், "ரொம்பத் தூரம்" என்பதோடு சரி. ஒருநாள் எங்களை வாசகசாலைக்குக் கூட்டிப்போனார். ஊரிலேயே அங்குதான் அப்படியொரு புத்தகம் இருந்தது. நூலகர் மேசை நிறைய அதை விரித்து, ரங்கூனைக் காட்டினார். அப்பாவின் விரல் அங்கிருந்து ஆறுகளையும் மலைகளையும் தாண்டி ஊர்ந்து, அஸ்ஸாமில் போய் நின்றது.

"இங்கனதான் ரயில் ஏறினேன்."

"அதுவரைக்கும் நடந்தா வந்தீக?" என்றாள் அம்மா.

அப்பா தலையசைத்தார். பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். நூலகர் தன் நாற்காலியை நகர்த்திப் போட்டு, "உக்காருங்கய்யா" என்றார். அம்மா மட்டும் குனிந்து அப்பாவின் பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.