வெளியில் பூட்டிய வீடு

பயிற்சியின் முதல் நாள் எனக்குப் பயம் வந்தது ஒரு பொம்மையைப் பார்த்து. ஓசூரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியில் எங்கள் வகுப்பு. அங்கே கட்டிலில் ஆள் அளவுக்கு ஒரு ரப்பர் பொம்மை வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தது. கழுத்துவரை போர்த்தியிருந்தார்கள். நான் நிஜமாகவே யாரோ நோயாளி என்று நினைத்து, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு ஓரமாக நின்றேன். பொம்மை என்று தெரிந்த பிறகும் பயம் போகவில்லை. இன்றைக்குப் பொம்மை, கொஞ்ச நாளில் அதே இடத்தில் உயிருள்ள ஒருவர் படுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு முன்பு நான் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் இருந்தேன். ஒயர்களைச் சேர்த்துப் பிடித்து டேப் சுற்றுகிற வேலை. தப்பாகச் சுற்றினால் பிரித்துவிட்டுத் திரும்பச் சுற்றலாம். சூப்பர்வைசர் கத்துவார், அவ்வளவுதான். ஒருநாள் அந்த லைனையே வேறு ஊருக்கு மாற்றினார்கள், காண்ட்ராக்டில் இருந்த எங்களை நிறுத்திவிட்டார்கள். வயதானவர்களையும் படுக்கையில் கிடப்பவர்களையும் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள ஆட்கள் தேடுகிறார்கள், அதற்கென்று தனியாகப் பயிற்சி இருக்கிறது என்று என் வீட்டுக்காரர்தான் கேள்விப்பட்டு வந்து சொன்னார். அவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். பஸ்ஸில் பேசுவதெல்லாம் அவர் காதில் விழும்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மேடம் நெடுங்காலம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். பொம்மையை வைத்துப் படுக்கையில் குளிப்பாட்டுவது, ஒருக்களித்துத் திருப்புவது, முதுகில் புண் வராமல் பார்ப்பது எல்லாம் காட்டினார். ஒருநாள் பொம்மையை மூலையில் தள்ளிவிட்டார்.

"இதுக்கு வலியும் தெரியாது, கூச்சமும் தெரியாது. இனிமே நீங்களே ஒருத்தருக்கு ஒருத்தர் பேஷண்டா படுங்க" என்றார்.

நான் படுத்தேன். என் கண்ணைத் துணியால் கட்டினார்கள். கூடப் படித்த பெண் ஒருத்தி எதுவும் சொல்லாமல் என் தோளையும் இடுப்பையும் பிடித்து ஒரு புரட்டுப் புரட்டினாள். கட்டிலின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கீழே ஏதோ பள்ளத்தில் விழப்போகிறேன் என்று நினைத்து அவள் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் அதே இருட்டில் உதட்டில் ஒரு ஸ்பூன் வந்து இடித்தது. தண்ணீரா, சோறா, சூடா, ஆறியதா, ஒன்றும் தெரியாது. வாயைத் திறக்கவே மனம் வரவில்லை. கட்டை அவிழ்த்தபோது மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயமா இருந்துச்சா? நீ போற வூட்டுல அவங்களுக்கு தினமும் இப்பிடித்தான் இருக்கும்" என்றார்.

அன்றைக்குத்தான் தொண்டையில் அடைத்துக்கொள்வதைப் பற்றியும் சொன்னார். இருமுகிறவர்களைப் பார்த்துப் பதற வேண்டாம், இருமினால் மூச்சு போய்வருகிறது என்று அர்த்தம், சத்தமே வராமல் முழித்தால்தான் ஆபத்து என்றார். ஆளை முன்பக்கம் குனியவைத்து, ஒரு கையால் நெஞ்சைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் முதுகின் நடுவில் ஓங்கி அடிக்கச் சொன்னார். நான் அடித்த அடியைப் பார்த்து, "என்னம்மா, குழந்தையத் தட்டித் தூங்கவெக்கிறியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

பயிற்சியின் கடைசிப் பகுதிக்கு எங்களை வீடுகளுக்கு அனுப்பினார்கள். எனக்கு வந்தது பாகலூர் ரோடு பக்கம் ஓர் அடுக்குமாடி வீடு, மூன்றாவது மாடி. ஒரு தாயும் மகளும் மட்டும் இருந்தார்கள். மகளுக்கு என் வயதுதான் இருக்கும், அத்திப்பள்ளி தாண்டி ஓர் ஆபீஸில் வேலை. தாய்க்கு மறதி நோய். ஒருகாலத்தில் தமிழும் கன்னடமும் சரளமாகப் பேசியவராம். அவையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுபோய், வீட்டில் பேசிய தெலுங்கு மட்டும் மிச்சம் இருந்தது. பர்கூர் பக்கம் வளர்ந்தவள் என்பதால் எனக்குக் கொஞ்சம் தெலுங்கு புரியும்.

முதலில் சில நாட்கள் மேடம் கூடவே வந்தார். பிறகு தனியாகப் போகச் சொன்னார். அப்படிப் போன முதல் காலையில், மகள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய், இரும்பு கிரில் கதவை இழுத்துச் சாத்தி, வெளியிலிருந்து பூட்டுப் போட்டார்.

"என்னங்க, பூட்டறீங்களா?" என்று கேட்டேன்.

"அம்மா வெளிய போயிடுவாங்க அக்கா. சேஃப்டிக்குத்தான். சாயங்காலம் வந்துடுவேன். ஏதாவதுன்னா கால் பண்ணுங்க."

லிஃப்ட் கீழே இறங்கும் சத்தம் கேட்டது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பின்னால் அந்த அம்மா வந்து நின்றிருந்தார். ஒல்லியான உடம்பு, நல்ல வெள்ளை முடி, சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"எவரு நுவ்வு?" என்றார். யார் நீ என்கிறார். நேற்றுவரை என் கையால் தலை வாரிக்கொண்டவர்தான். நான் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. "தொங்க" என்றார். திருடி.

அந்த வீட்டில் இரண்டு பேர் அடைபட்டிருந்தோம். அவருக்கு என்னைக் கண்டு பயம். எனக்கு அவரைக் கண்டு பயம். பாத்ரூமில் வழுக்கிவிடுவாரோ, அடுப்பைத் திருகிவிடுவாரோ, நான் சமையலறையில் இருக்கும்போது பின்னால் வந்து எதையாவது எடுத்து அடித்துவிடுவாரோ என்று ஒவ்வொன்றாகத் தோன்றும். தீப்பிடித்தால் என்ன செய்வது என்று யோசித்தபடி ஜன்னல் கம்பிகளை ஆட்டிப் பார்ப்பேன். எல்லாம் சிமெண்டில் பதித்தவை. மேடத்திடம் சொல்லவில்லை. சொன்னால் வேறு வீடு கிடைக்காமல் பயிற்சியே பாதியில் நின்றுவிடுமோ என்று அதற்கும் பயம்.

அது நடந்தது ஒரு மதியம். ரசம் சோற்றைக் குழைய மசித்துக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். அம்மா ஜன்னல் ஓர நாற்காலியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவர், மடியில் வைத்திருந்த எதையோ அவசர அவசரமாக வாயில் திணித்துக்கொண்டார். நான் பிடுங்கிக்கொள்வேன் என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. விழுங்கப் பார்த்தார். கண்கள் பெரிதாகின. கை கழுத்துக்குப் போனது.

சத்தமே இல்லை.

வெளியே தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி போனது. வீட்டுக்குள் ஒரு இருமல்கூட இல்லை. வாய் திறந்திருந்தது, மூச்சு மட்டும் வரவில்லை. என்னவென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் என் கால் போனது கதவுப் பக்கம். கிரிலைப் பிடித்து உலுக்கினேன். "யாராவது வாங்க! யாராவது வாங்களேன்!" என்று கத்தினேன். பூட்டு கம்பியில் மோதி மோதி டங் டங் என்றது. எதிர் வீட்டுக் கதவு திறக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. யார் வந்தாலும் உள்ளே வர முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஓடி வந்து அவரை எழுப்பிக் குனியவைத்தேன். என் இடது கைமேல் அவர் நெஞ்சு சாய்ந்தது. பறவைக்கூடு மாதிரி எலும்பாக இருந்தது. முதல் அடி விழவே இல்லை, கை தயங்கிவிட்டது. மேடம் கேட்டது ஞாபகம் வந்தது. அடுத்து ஓங்கி அடித்தேன். மறுபடியும். அடிக்கிற சத்தம் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "துப்புங்கம்மா, துப்புங்க" என்று அழுதுகொண்டே அடித்தேன். திடீரென்று ஒரு உருண்டை தரையில் போய் விழுந்தது. மூச்சு நீளமாக, கிழிகிற மாதிரி உள்ளே இழுபட்டது. பிறகு இருமல். அடுக்கடுக்காக இருமல். அந்த இருமலைக் கேட்டு அவரைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எதிர் வீட்டு அம்மா அப்போதுதான் வெளியே வந்தார். "ஏனாயித்து?", என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கேட்டபடி கிரிலுக்கு வெளியே நின்றார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா என் கையை உதறிவிட்டுக் கதவிடம் போய், என்னைக் காட்டி, "நன்னு கொட்டிந்தி" என்றார்.

என்னை அடித்துவிட்டாள் என்று அதற்கு அர்த்தம்.

அது பொய்யும் இல்லை. எதிர் வீட்டு அம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கேட்டதெல்லாம் கத்தலும் அடிச் சத்தமும்தான். நான் நடந்ததைச் சொன்னேன். தலையாட்டினார், ஆனால் போகவில்லை. கம்பிக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மகளுக்குப் போன் செய்தேன். "வரேன், வரேன்" என்றவர் வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே எதையோ சொன்னார், புரியவில்லை. அவர் வரும்வரை நாங்கள் மூன்று பேரும் அப்படியே இருந்தோம். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, "பயம், பயம்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல் தெலுங்கிலும் அதேதான். அவருக்கு மூச்சு சீராக வருகிறதா என்று பார்க்கக் கிட்டே போனால் கையை முகத்துக்கு மறைத்துக்கொண்டார்.

தரையில் கிடந்த உருண்டையை நான் தொடவில்லை. பாதி மென்ற சப்பாத்தி அது. எனக்குச் சாட்சி சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. அதில் எறும்பு ஏற ஆரம்பித்தது. துடைத்துவிடக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். போலீஸ் வரும் என்று நினைத்தேன். வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது, ஊரில் என் அம்மா அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசனை எங்கெங்கோ ஓடியது.

மகள் பூட்டைத் திறந்து உள்ளே வந்ததும் தாயைக் கட்டிக்கொண்டார். ஜாக்கெட்டை இறக்கி முதுகைப் பார்த்தார். என் உள்ளங்கை அளவுக்குச் சிவந்திருந்தது.

"அடிச்சீங்களா?"

"அடிச்சேங்க. அடிக்காம இருந்தா இந்நேரம் அவங்க இல்லீங்க." தரையைக் காட்டினேன். "அது தொண்டையில அடைச்சிகினு மூச்சே வரல. நான் சப்பாத்தி குடுக்கலீங்க. ரசம் சோறுதான் எடுத்துகினு வந்தேன். அதோ கிண்ணம் அப்பிடியே இக்குது."

அவர் கீழே குனிந்து பார்த்தார். பிறகு ஏதோ தோன்றியவர் போலத் தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்து, அதன் நுனியில் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்தார். அதற்குள் காய்ந்த சப்பாத்தித் துண்டுகள் இன்னும் இருந்தன. ஒன்றை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தார்.

"காலைல நான்தான் செஞ்சேன். சாப்ட்டாங்கன்னு நினைச்சேன்" என்று மெதுவாகச் சொன்னார். அப்படியே சோபாவில் சரிந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

எதிர் வீட்டு அம்மா அப்போதுதான் உள்ளே வந்தார். எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான்.

அன்று சாயங்காலமே தாயும் மகளும் நானும் ஆட்டோவில் டாக்டரிடம் போனோம். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, நுரையீரலுக்குள்ளும் உணவு போகவில்லை என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மகள் சொன்னார்.

"ஒரு தடவை பூட்டாம கீழ கடைக்குப் போனேன் அக்கா. திரும்பி வந்தா அம்மா இல்ல. தேடிப் போனா, ஹைவேல நடுவுல நிக்கிறாங்க. ரெண்டு பக்கமும் லாரி. யாரோ ஒருத்தர் கையப் புடிச்சு இழுத்துகிட்டு வந்தாரு. அன்னைலேர்ந்து என்னால பூட்டாம இருக்க முடியல. ஆபீஸ்ல உக்காந்திருந்தாலும் பூட்டினோமா, பூட்டினோமான்னுதான் ஓடும்."

என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு வருவீங்களா?"

ஒயர் கட்டின காலமெல்லாம் ஒரு நிமிடத்தில் கண்முன் வந்து போனது. "வரேங்க" என்றேன். "ஆனா அந்தப் பூட்டு உள்பக்கம் வரணும். இனிமே என்னை வெச்சு வெளிய பூட்டினா நான் ஒரு நாளும் இருக்கமாட்டேன்."

அவர் தலையாட்டினார். அந்த வாரமே வெல்டிங் ஆளைக் கூப்பிட்டு, கிரிலின் உள்பக்கத்தில் அம்மாவுக்குக் கை எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் வைத்தார்.

மேடத்திடம் சொன்னபோது அவர் சத்தம் போடவில்லை. "பூட்டிகினு போறாங்கன்னு ஏம்மா அன்னைக்கே சொல்லல?" என்று மட்டும் கேட்டார். "பயந்துட்டேன் மேடம்" என்றேன். அதற்குப் பிறகு யாரையும் தனியாக அனுப்பும் முன் அவரே போய் வாசல் கதவைப் பார்த்துவிட்டு வருவதாகக் கேள்விப்பட்டேன்.

பயிற்சி முடிந்தும் அந்த வீட்டிலேயே வேலைக்கு இருக்கிறேன். அம்மா இப்போதும் தினமும் யார் நீ என்று கேட்கிறார். சில நாள் திருடி என்கிறார், சில நாள் தலையைக் காட்டி வாரச் சொல்கிறார். சாப்பாடு கொடுக்கும் முன் தலைப்பு, தலையணை, மடி எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறேன். ஒவ்வொரு வாயும் உள்ளே இறங்கிவிட்டதா என்று தொண்டையைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். ஸ்பூன் பிடிக்கும்போது என் விரல்கள் இன்னும் சில்லிட்டுப் போகின்றன. பழகினால் சரியாகிவிடும் என்றார்கள், சரியாகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என் வீட்டுக்காரர் களி தின்றுகொண்டிருந்தார். பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மே, நீ துண்ணாம என் கழுத்தையே எதுக்கு பாத்துகினு இக்கிற?"

"ஒண்ணுமில்ல. மெதுவா துண்ணுங்க" என்றேன்.