திரும்பி வருவான் என்றார்கள்

சுனாமி அன்று தேவனாம்பட்டினத்துக்குள் புகுந்த கடல் என் மகனைக் கொண்டுபோனது. அவனுக்கு ஐந்து வயது. மூத்தவள் என் அம்மா வீட்டில் இருந்ததால் பிழைத்தாள்.

அவன் பிறந்த கையோடு எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்திருந்தார்கள். ஆண் பிள்ளை வந்தாச்சு, போதும் என்று முடிவு செய்தவள் என் மாமியார். நர்ஸிடம் தலையாட்டியவன் என் புருஷன். வலியைப் பொறுத்துக்கொள்வது மட்டும் என் வேலை.

முகாமில் என்னை அழவே விடவில்லை.

"அழாதடி. தாய் அழுதா புள்ள வழி மறந்துடும். ஒன் வயித்துக்கேதான் திரும்பி வருவான்" என்றாள் மாமியார். சுற்றியிருந்த பெண்கள் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்கள். அடேங்கப்பா, என்ன ஞானம்! கடல் வருவது ஒருத்திக்கும் தெரியவில்லை. செத்தவன் வருவது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு, கட்டுப்பாடு ஆபரேஷனில் வெட்டிய கருக்குழாயைத் திரும்ப இணைத்துவிடுகிறார்கள் என்று சேதி வந்தது. உடனே சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு என்னை இழுத்துப்போனார்கள். டாக்டரம்மாவுக்கு எதிரே நாற்காலியில் புருஷன் உட்கார்ந்தான், நான் நின்றேன். "பண்ணிடுங்க மேடம், வூட்ல எல்லாருக்கும் சம்மதம்" என்றான். அந்த எல்லாரில் என்னைச் சேர்த்தானா என்று தெரியவில்லை.

அடுத்த வருடம் உண்டானேன். வீட்டில் கூத்து ஆரம்பமானது. என் வயிற்றைப் பார்த்து செத்த மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவனுக்குப் பிடித்த எறா வறுவலைத் தட்டில் குவித்தாள் மாமியார். எனக்குக் குமட்டியது.

"அவன்தான் கேக்குறான், துன்னு" என்றாள்.

பிறந்தது பெண். அதே ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். மாமியார் குழந்தையைத் தூக்கக்கூட இல்லை. எட்டிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போன புருஷன் சாயங்காலம்தான் வந்தான். ஒரு டீயை அவ்வளவு நேரம் குடிக்க அவனால்தான் முடியும்.

மறுநாள் காலை மாமியார் தெளிந்துவிட்டாள். "இது குறுக்க வந்துடுச்சி. பரவால்ல, அடுத்ததுல அவன் வந்துடுவான்" என்றாள். வெட்கம் என்பது கொஞ்சமாவது வேண்டாமா? பக்கத்தில் பச்சைக்குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் டாக்டரம்மா வந்தார். "மறுபடியும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிடலாமா?" என்று புருஷனைக் கேட்டார். படித்தவருக்கும் அவன்தான் கண்ணில் பட்டான். அவன் தன் அம்மா முகத்தைப் பார்த்தான்.

"என்னைக் கேளுங்கம்மா. பண்ணிடுங்க" என்றேன்.

மாமியார் பதறிப்போனாள். "அடிப் பாவி! வர்ற புள்ளைக்குக் கதவ சாத்துறியேடி!"

"எம்புள்ள செத்துட்டான் அத்தை. வரமாட்டான்."

எங்கள் வீட்டில் அதைச் சொன்ன முதல் ஆள் நான்தான். சொன்ன பிறகு அழுகை வந்தது. வார்டே திரும்பிப் பார்க்கும்படி, என் மகனுக்காக அழுதேன்.