பரண் மேல் தேங்காய்

சுதந்திரம் வந்த சில ஆண்டுகளில் பூதப்பாண்டியில் வாடகை வீட்டில் இருந்தோம். அடுப்படிப் புகை வெளியேறக் கூரையை ஒட்டி ஒரே ஒரு திறப்பு. அதன் முன் பரண் போட்டு, அது அடைபடும்படி வீட்டுக்காரர் தம் தோப்புத் தேங்காய்களை அடுக்கியிருந்தார். புகை பட்டால் தேங்காய் கெடாதாம். எங்கள் எட்டு மாதக் குழந்தையோ இருமி இருமி மூச்சுக்குத் திணறியது.

நான் அரசு அலுவலகத்தில் எழுத்தர். முறைப்படி சுகாதார அலுவலகத்துக்கு மனு எழுதினேன். வீட்டின் வரைபடம் கேட்டார்கள், கொடுத்தேன். வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் கேட்டார்கள். யார் மேல் புகாரோ அவரிடமே சம்மதம்! அதையும் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன்.

நான் அங்கே நின்ற நேரத்தில், என் மனைவி வீட்டுக்கார அம்மாளைக் காப்பிக்கு அழைத்து, அடுப்படியில் உட்காரவைத்து, தேங்காய் உரித்த ஈர மட்டையை, எங்கள் ஊர்க் கதம்பையை, அடுப்பில் வைத்துவிட்டாள்.

"ஏட்டி, பிள்ளைய வச்சிக்கிட்டு இதுக்குள்ளயா கெடக்க?" என்று கத்திய அந்த அம்மாள், கண்ணைக் கசக்கிக்கொண்டே தம் வீட்டுக்கு வந்து, என் முன்னாலேயே கணவரைப் பிடித்தார். "தேங்காயை நீங்க எறக்குகியளா, நான் போய் எறக்கட்டா?"

சாயங்காலத்துக்குள் பரண் காலி.

பழைய மனுவைத் திரும்பப் பெற, முறைப்படி இன்னொரு மனு எழுத உட்கார்ந்தேன்.

"பிள்ளைக்கு இருமல் நின்னாச்சு. இன்னும் யாருக்கு எழுதுகிய?" என்றாள் மனைவி.

எழுதி அனுப்பினேன். முதல் மனுவின் நகலை இணைக்கும்படி பதில் வந்தது.