சென்சார் அக்காவின் முதல் காட்சி

என் அக்காவிடம் ஒரு டிரெய்லரைக் காட்டிவிட்டு யாரும் உடனே வீடு போய்ச் சேர்ந்ததில்லை. முதல் தடவை வாயைத் திறக்காமல் பார்ப்பாள். இரண்டாம் தடவை இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்ப்பாள். அடுத்த தடவை நடுவில் நிறுத்தி, "இந்த மழைய பாரு, இது வேற நாள்ல எடுத்தது. ஹீரோ மீசைய கவனிச்சியா?" என்பாள். உற்றுப் பார்த்தால் சத்தியமாக மீசை மாறித்தான் இருக்கும். காட்டியவருக்கு வந்த வேலை மறந்து போயிருக்கும்.

நாங்கள் இருவரும் ஒரே சலவைக்கடையில் வேலை செய்கிறோம். நான் முன்னால் கவுன்டரில் உட்கார்ந்து துணிகளுக்கு டோக்கன் போடுகிறேன். அவள் பின்னால் இஸ்திரி மேசையில் நிற்கிறாள். கோட்டு கொடுக்க வருகிறவர் கோட்டைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதானே? போகமாட்டார். கவுன்டருக்கு மேலே கழுத்தை நீட்டி, "அக்கா, வெள்ளிக்கிழமை படம் எப்படி? போலாமா?" என்று கேட்பார். உள்ளேயிருந்து ஆவி பறக்கிற சத்தத்தோடு தீர்ப்பு வரும். "பாட்டுக்காக போகலாம். இடைவேளைக்கு அப்புறம் வெளியே வந்துடுங்க." இதனால்தான் தெருவில் எல்லோரும் அவளைச் சென்சார் என்று கூப்பிடுகிறார்கள். அவள் சரி என்று சொல்லாமல் டிக்கெட் எடுக்காத குடும்பங்கள் எங்கள் தெருவில் இருக்கின்றன. எனக்கு அதில் பெருமையும் உண்டு, எரிச்சலும் உண்டு. வரிசையில் நிற்கிறவர்களை யார் சமாளிப்பது, நான்தானே?

அவளுக்கு ஒரே ஒரு சட்டம். டிரெய்லரில் காட்டியது படத்தில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அது மோசடி. கதை, நடிப்பு, பாட்டு எதையும் பார்க்கமாட்டாள், மதிப்பெண் பூஜ்யம். ஒரு படத்தின் டிரெய்லரில் கதாநாயகன் வெள்ளைக் குதிரையில் பாலத்தைத் தாண்டினான். படம் முழுக்க உட்கார்ந்து பார்த்தோம், ஒரு கழுதைகூட வரவில்லை. அக்கா நேராகத் தியேட்டர் மேனேஜரிடம் போனாள்.

"குதிரை எங்க சார்?"

"எந்தக் குதிரைம்மா?"

"டிரெய்லர்ல ஓடுச்சே, அந்தக் குதிரை. அதுக்காகத்தான் வந்தேன்."

அந்த மனுஷர் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார், பாவம். அதன் பிறகு நாங்கள் அந்தத் தியேட்டருக்குள் நுழைந்தாலே அவர் அலுவலகக் கதவைச் சாத்திக்கொள்வார்.

விருது விழா ஒளிபரப்பாகிற அன்று எங்கள் வீட்டில் தொலைக்காட்சிக்குத்தான் திட்டு. "அழுதா அவார்டு, உடம்பு இளைச்சா அவார்டு, சேத்துல புரண்டா அவார்டு. நம்மள சிரிக்க வெச்சவனுக்கு மட்டும் கடைசி வரிசையில சீட்டு. இது எந்த ஊர் நியாயம்?" என்று திரையைப் பார்த்து விரலை ஆட்டுவாள். மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், பேருந்து ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஹாரன் சத்தம் கேட்ட காது அது. "அவங்களுக்கு நீ பேசறது கேக்காதும்மா" என்று மெதுவாகச் சொல்லிப் பார்ப்பார். "உங்களுக்குக் கேக்குதுல்ல, அது போதும்" என்று பதில் வரும்.

இப்படிப்பட்டவளைத் தேடிச் சினிமாவே கடைக்கு வந்தது. எங்கள் தெருவில் ஒரு படப்பிடிப்பு. பெரிய படமில்லை, புது ஆட்கள். தொப்பி போட்ட உதவி இயக்குநர் ஒருவர் கடைக்குள் எட்டிப் பார்த்தார். ஆவிக்கு நடுவில் வேர்த்து விறுவிறுத்து நிற்கிற அக்காவைப் பார்த்ததும், "இதான், இதேதான்! மேடம், மேக்கப்பே வேண்டாம், அப்படியே நில்லுங்க" என்று குதித்தார். காட்சி சின்னது. கதாநாயகன் ரத்தக்கறை படிந்த சட்டையைக் கொண்டுவந்து நீட்டுவான். அக்கா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கறை போகாது சார்" என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான்.

இதைக் கேட்டு முதலில் கொதித்தவர் எங்கள் கறைக்காரர். கடையில் கறை எடுக்கிற வேலை அவருடையது. மை, எண்ணெய், துரு எதையும் விடமாட்டார்.

"என்ன தம்பி பேசறீங்க? ரத்தம் ஏன் போகாது? பச்சைத் தண்ணியில ஊறவெச்சா ஓடிப் போயிடும்!"

"கதைக்காக சார்..."

"கதைக்காக என் மானத்த வாங்குவீங்களா? இது கடை தம்பி, கடை! போகாதுன்னு சொன்னா நாளைக்கு எவன் வருவான்?"

அவரைப் பின்கட்டில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துத்தான் காட்சியை எடுத்து முடித்தார்கள். அக்கா ஒரே தடவையில் சொல்லிவிட்டாள். இயக்குநர் கைதட்டினார். நானும் தட்டினேன், ஏன் பொய் சொல்லவேண்டும், உள்ளங்கை சிவக்கிற வரைக்கும் தட்டினேன்.

பல மாதம் ஒரு சத்தமும் இல்லை. ஒரு நாள் காலையில் டிரெய்லர் வெளியானது. கைப்பேசியைக் கவுன்டரில் சாய்த்துவைத்து எல்லோரும் தலையோடு தலை மோதிக்கொண்டு பார்த்தோம். ஓடினார்கள், அழுதார்கள், கதவை உடைத்தார்கள். அக்காவைக் காணோம். கடைசியில் இசை சட்டென்று நின்றது. திரை முழுக்க என் அக்கா முகம். ஆவி. அந்தப் பார்வை. "இந்தக் கறை போகாது சார்." உடனே இருட்டு, படத்தின் பெயர்!

ஐயோ, அந்தக் கூச்சலை எப்படி எழுதுவது? நான் டோக்கன் பெட்டியைத் தட்டிவிட்டேன். கறைக்காரர் கோபத்தை மறந்து விசில் அடித்தார். அக்கா இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இஸ்திரிப்பெட்டியை யார் கவனித்தது? முதலாளியின் சொந்தச் சட்டை முதுகுப்பக்கம் முக்கோணமாகக் கருகிப்போனது. கருகல் வாடைக்கு முதலாளி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார். அவரிடமும் டிரெய்லரைக் காட்டினோம். அவர் அதைப் பார்த்துவிட்டு, "சட்டை போனா போகுது. கடை பேர் தெரியுதா, அத சொல்லு" என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் கடை கடையாகவே இல்லை. தெருவில் போகிறவனெல்லாம் கைக்குட்டையை நீட்டி, "மேடம், இந்தக் கறை போகுமா?" என்று குழைவான். காப்பிக் கறை, மைக்கறை, என்ன கறையென்றே தெரியாத கறை எல்லாம் வந்து குவிந்தன. கறைக்காரர் வீம்புக்கு எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார். "எந்தக் கறையும் போகும்" என்று பெரிய எழுத்தில் எழுதி வாசலில் மாட்டினார். அக்காவோ தன் நடிப்புக்குத் தானே விமர்சனம் எழுதாத குறை. "கண்ணு கொஞ்சம் கூடுதலா விரியுதுடி. அடக்கி வாசிச்சிருக்கணும். அடுத்த படத்துல பாத்துக்கலாம்." அடுத்த படமாம்! காலர்களைத் தேய்த்துக்கொண்டே துணை நடிகை விருதுக்கு நன்றியுரை ஒத்திகை பார்த்தாள். அந்தப் பேச்சில் மாமா பெயர் கடைசியில்தான் வந்தது. அவர் அதற்கே முகம் மலர்ந்து போனார்.

எல்லோருக்கும் முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட் எடுத்தது அவள்தான். ஊருக்கெல்லாம் டிரெய்லரை நம்பாதே என்று சொன்னவள், தன் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் நம்பிவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஒரு நாள் வாய் விட்டே கேட்டுவிட்டேன்.

"அக்கா, அந்தக் குதிரை மாதிரி ஆயிட்டா?"

"வாய கழுவு."

"இல்ல, ஒரு பேச்சுக்கு..."

கடையில் ஆட்கள் நிறைந்திருந்த நேரம் அது. அக்கா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நான் இல்லன்னா அதுவும் மோசடிதான். தியேட்டர் வாசல்ல நானே மைக்க புடிச்சு சொல்லுவேன். எனக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா?" என்றாள். கேட்டவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எனக்குத்தான் திக்கென்றது. நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை விழுங்குகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அப்படி ஒன்று நடந்துவிட்டால் சொன்ன சொல்லும் நிற்கவேண்டும், ஊர் முன்னால் அவளும் தலைநிமிர்ந்து நிற்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு வரிசை முழுக்க நாங்கள். மாமா விடுப்பு எடுத்துக்கொண்டு, அவர் பேருந்திலேயே பயணியாக ஏறி வந்திருந்தார். படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது, நல்ல படம். அக்கா ஒரு தடவைகூட "ம்க்கும்" என்று சொல்லவில்லை. அவள் சொல்லாமல் இருந்தாலே பாதி விருது கொடுத்த மாதிரி.

இடைவேளைக்குப் பிறகு அந்தச் சட்டை வந்தது. கதாநாயகன் அதைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் தெருவில் நடந்தான். எங்கள் கடைப்பலகை தெரிந்தது! முதலாளி இருக்கையிலிருந்து எழுந்தே விட்டார். எங்கள் வரிசை அடித்த விசிலில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அக்கா கையை இறுக்கிப் பிடித்தேன். அவன் கடை வாசலில் நின்றான். உள்ளே பார்த்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆவி மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்றான். திரும்பி நடந்துவிட்டான்.

அவ்வளவுதான். அடுத்த காட்சியில் வீட்டுக் குளியலறையில் தரையில் உட்கார்ந்து, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சட்டையைத் தானே அலசிக்கொண்டிருந்தான். பேச்சு இல்லை, இசை இல்லை. தண்ணீர் சத்தம் மட்டும். "பச்சைத் தண்ணி... சரியா பண்றான்" என்று கறைக்காரர் மட்டும் முணுமுணுத்தார். அக்காவைப் பார்த்தேன். கன்னம் முழுக்க ஈரம். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. பாவிகளா, டிரெய்லருக்கு மட்டும் அவள் முகம் வேண்டுமாயிருந்ததா? இத்தனை பேரைக் கூட்டிவந்து உட்கார்ந்திருக்கிறாளே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? மாமா அவள் தோளில் கைவைத்தார். படம் முடிகிற வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.

வெளியே வந்தால் வாசலில் ஒரு பெண் மைக்கோடு நிற்கிறாள், பக்கத்தில் கேமரா. "படம் எப்படி இருக்கு? சொல்லுங்க, சொல்லுங்க!" அடுத்த காட்சிக்கு வந்தவர்கள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் பாதிப் பேர் எங்கள் தெருக்காரர்கள். அக்கா என்ன சொல்லப்போகிறாள் என்று பார்க்கவே வந்தவர்கள் போல் முகத்தை வைத்திருந்தார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் மைக்கின் மேல் பாய்ந்தேன்.

"மோசடி! பச்சை மோசடி! டிரெய்லர்ல..."

"நகருடி அந்தப் பக்கம்." அக்கா முழங்கையால் என்னை ஒதுக்கிவிட்டு மைக்கை வாங்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மூக்கு இன்னும் சிவந்துதான் இருந்தது.

"டிரெய்லர் மோசடிதான். நான் சொன்ன சொல் சொன்னதுதான். அதுல கடைசியா ஒரு பொம்பளை வருவா. அவ படத்துல இல்ல. அவள நம்பி யாரும் டிக்கெட் எடுக்காதீங்க."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. முதலாளி தலையில் கைவைத்தார். அக்கா மைக்கை விடவில்லை.

"ஆனா படத்துக்கு பூஜ்யம் போட எனக்கு மனசு வரல. இத்தன வருஷமா போட்டேன், இன்னைக்கு வரல. அவன் அந்த வாசல்ல நின்னப்போ அவ வந்து ஏதாவது பேசியிருந்தா, எல்லாமே போயிருக்கும். அவன் வீட்டுக்கே போயிருக்க மாட்டான், அந்தச் சட்டைய அலசியிருக்க மாட்டான், நானும் இப்படி அழுதிருக்க மாட்டேன். போய்ப் பாருங்க. நல்ல படம்."

மைக் பெண் அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா... அது நீங்கதானே?"

"நானேதான்." அக்காவின் குரல் ஒரு நொடி உடைந்து, அப்புறம் சிரிப்பாக மாறியது. தொலைக்காட்சியைத் திட்டும்போது ஆட்டுவாளே, அதே விரலைக் கேமராவைப் பார்த்து ஆட்டினாள். "எனக்கு வலிக்குதுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா என்னை வெட்டித் தூக்கிப் போட்டாரே எடிட்டர், இந்த வருஷ அவார்ட அவருக்குக் குடுங்க. குடுக்கலன்னா சும்மா விடமாட்டேன்!"

கம்பிக்கு அந்தப் பக்கம் எழுந்த கைதட்டலில் மைக் பெண் கேட்ட அடுத்த கேள்வி காதில் விழவே இல்லை.